பச்சோந்தி தண்ணீர் குடித்தது

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் கடையநல்லூர் பேருந்து நின்றது. என் முன்சீட்டுப் பெண், ஷார்ஜாவில் இருக்கும் கணவரிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அங்கே கூண்டில் வளர்க்கும் பச்சோந்தி போனில் தெரிந்தது.

“பச்சோந்திக்குக் கண்ணு குழிஞ்சிட்டே! தண்ணி வைக்கலியா?”

“கிண்ணத்துல வச்சா தொடாது ஏட்டி. இலையில சொட்டு நின்னாத்தான் குடிக்கும். ஸ்பிரே அடிச்சா உடனே காஞ்சிருது.”

“கூண்டு ஏசிக்கு நேரா இருந்தா காயாம என்ன செய்யும்? ஊர்ல தறி ஓட்டும்போது நூலு காஞ்சு அறும்னு ஃபேனை அமத்துவியள்லா? அந்தப் புத்தி எங்க போச்சு? தள்ளி வச்சிட்டு அடிங்க.”

கூண்டை இழுக்கும் சத்தமும், பிறகு ஸ்பிரே சத்தமும் கேட்டன.

“ஏட்டி, இலைய நக்குது!”

நடத்துநர் டிக்கெட் கேட்டு வந்தார்.

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மூணு நாளைக்குப் பொறவு இப்பதான் குடிக்குது.”

அவரும் குனிந்து போனைப் பார்த்தார்.

“குடிக்கட்டும்மா,” என்று பின்சீட்டுக்குப் போனார்.