சங்கராந்திக்கு வந்த கிண்ணம்

இல்ல மாசிமா, வீட்டுக்குச் சொல்லலை. ஹவுரால எறங்கி நேரா இந்த வண்டியில ஏறி உங்க பக்கத்துல உக்காந்துட்டேன். எங்க ஊர் காட்வா போய் வாசல்ல நின்னாத்தான் தெரியும் அவங்களுக்கு. சந்தோஷப்படுவாங்களா? பாப்போம்.

ஜெர்மனிலேருந்து. படிக்கத்தான். லீவெல்லாம் இல்ல, சங்கராந்திப் பலகாரம் பிட்டேக்காக வர்றேன். சிரிங்க, சிரிங்க. ஆனா நியாயத்தையும் சொல்லுங்க. ரெண்டு வருஷமா சங்கராந்தி அன்னிக்கு நான் அங்க காஞ்ச ரொட்டியக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். புது ஈச்ச வெல்லத்துல தேங்கா வதங்குற வாசனை கனவுல வருது. கூடத் தங்கியிருக்குற பொண்ணுக்கு அதை விளக்கப் போனா, ஓ, கேக்கான்னு கேக்குறா. அன்னிக்குப் பூரா அவகூடப் பேசலை நான்.

போன வருஷம் அம்மா அடுப்புப் பக்கத்துல போனைச் சாத்தி வச்சு, ஒவ்வொரு பிட்டேயா சுருட்டிக் காமிச்சாங்க. இந்த வருஷம் அடுப்பையே காட்டலை. கேட்டா, வெல்லம் சரியில்லையாம். வெல்லம் சரியில்லைன்னு பிட்டே சுடாத வீடா எங்க வீடு? பனி விழ ஆரம்பிச்ச உடனே எங்கப்பா, மரத்துலேருந்து சாறு எறக்குறவர் வீட்டு வாசல்ல போயி உக்காந்துடுவாரு.

இல்லயில்ல, அம்மா உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குளிருதுன்னாங்க, அவ்வளவுதான். சால்வைய நெத்தி மறைய இழுத்துப் போத்தி, கையையும் உள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் தம்பி, டுபாய்னு கூப்பிடுவோம், அவன் குரங்குக் குல்லாயோட. அப்பா அதைப் போட்டுக்கிட்டா பக்கத்துல நடக்கவே மாட்டான் அவன். இங்க பனி கொட்டுது, நான் வெறுந்தலையோட இருக்கேன், உங்களுக்குக் குளிருதான்னு நானும் கிண்டல் பண்ணேன்.

அப்பாவா? தொண்டையில ஏதோ, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாராம். அவர் சொல்றதை அம்மாதான் சொல்வாங்க. ராத்திரி கண்ணு முழிக்காதே, சாலையில வழுக்கும், பாத்து நட.

அப்பதான் பக்கத்து வீட்டு சாஹா காகிமா ஒரு கிண்ணத்தோட உள்ள வந்தாங்க. நான் போன்ல இருக்குறது தெரியாது பாவம். பிட்டே. நீங்களே சொல்லுங்க, சங்கராந்தி அன்னிக்கு ஒரு வீட்டுல அடுப்பு மூட்டாம, பக்கத்து வீட்டுலேருந்து கிண்ணம் வந்தா என்ன அர்த்தம்?

நம்ம ஊர்ல யாருக்குத்தான் புரியாது.

டுபாய், குல்லாயக் கழட்டுடான்னேன். கழட்டலை. போனை அணைச்சுட்டான். சித்தப்பாதான் அப்புறம் ஒத்துக்கிட்டாரு. என் பரீட்சை கெட்டுடக் கூடாதாம். யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க? தம்பி கொள்ளி வச்சான், மொட்டை போட்டான். நான் நல்ல மார்க்கு வாங்கினேன். அன்னிக்குலேருந்து வீட்டுலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, நான் எடுக்கலை.

மறைச்சதைக் கூட விடுங்க. போன மாசம் அம்மா போன்ல, உங்க ஊர்ப் பனியைப் பாக்கணும்ங்குறாரு உங்கப்பான்னாங்க. ஜன்னலைத் தொறந்து கைய வெளிய நீட்டி, இந்த மரம் பாருங்கப்பா, அந்தக் கூரையப் பாருங்கப்பான்னு, விரல் மரத்துப் போற வரைக்கும் காட்டினேன். அவருக்கு அப்ப காரியமே முடிஞ்சிருந்துச்சு மாசிமா.