சுந்தரிக்காக எமி பண்ணின ஜெபம்

…அதெப்படி தாரிணி, ஒருத்தி கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருக்கும்போது நடுவுல நிறுத்துடின்னு சொல்ல முடியுமா? முடியாதுல்லா? அதான் என் கதி. உள்ள வா, வாசல்ல நின்னா ஈ வருது. அந்தப் பையைக் கீழ வையேன், எதுக்குக் கையிலயே பிடிச்சிட்டு நிக்க. என்னமோ சொல்ல வந்தியே… சரி, அது இருக்கட்டும், முதல்ல இதைக் கேளு. காலைல கோயில்லருந்து வந்ததுலருந்து… சர்ச்சுதான், எங்க ஊர்ப்பக்கம் கோயில்னுதான் சொல்லுவோம்… வந்ததுலருந்து யார்ட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. எங்க வீட்டுக்காரவ ரயில்வே ஒர்க்‌ஷாப் இரைச்சல்லயே இருந்து பழகிட்டாவ, நான் பேசுறது காதுல ஏறவே ஏறாது. மூத்தவட்ட ஆரம்பிச்சா, "சாலும்மா"ங்கா. தெலுங்குல போதும்னு அர்த்தமாம். பெத்தவளைப் பாத்து.

எமியத் தெரியுமா ஒனக்கு, நீ கீழ்வீட்டுக்குப் புதுசு? பின்னால குவார்ட்டர்ஸ்ல இருக்கா, சுருட்டை முடி, ஸ்கூட்டர்ல போவாளே. அவதான். பிறந்ததே இங்கதான் அவ. நான் கல்யாணமாகி இந்தத் தெலுங்கு நாட்டு லாலாகுடாவுல வந்து இறங்கினப்ப எனக்கு ஹிந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. தக்காளி வாங்கக்கூட அவதான் கூட வருவா. கூடப் பிறந்தவகூட அப்படி இருக்க மாட்டா. அப்படிப்பட்டவ என்ன செஞ்சா பாரு.

வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா எங்க பெண்கள் ஐக்கியம் யாராவது வீட்டுல கூடும். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், அப்புறம் டீ, சமோசா. போன மாசம் எமி ஜெபம் பண்ணினா. வியாதியா இருக்கறவங்களுக்காக ஜெபிச்சா, எல்லாரும் ஆமென்னோம். பரிட்சை எழுதுற பிள்ளைகளுக்காக ஜெபிச்சா, ஆமென்னோம். அப்புறம், "ஆண்டவரே, எங்க சுந்தரி அக்காவோட நாவை நீரே அடக்கும்"னா. நான் அந்த ஓட்டத்துல ஆமென்னுட்டேன். எல்லாரையும்விட சத்தமா. சொல்லி முடிச்ச பிறகுதான் உறைக்குது, சுந்தரி நாந்தானேன்னு. கண்ணைத் திறந்து பாத்தா, அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிட்டு சிரிக்காளுவ. தோள் குலுங்குது.

அன்னையிலருந்து நான் அவகூடப் பேசல. பாத்தா இந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன்.

ஆனா சிக்கல் எங்க வந்துச்சு தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தா தூங்குறானே, என் சின்னவன் ஜோனத்தன், இவனுக்கு ஞானஸ்நானம். அதுக்கு ஞானத்தாய்னு ஒருத்தி நிக்கணும். பிள்ளைய விசுவாசத்துல வளப்பேன்னு சபை முன்னால வாக்குக் குடுக்கணும், பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை எடுக்கணும். இவன் வயித்துல இருக்கும்போதே எமிதான்னு சொல்லி வச்சது. ஐயாட்டயும், எங்க பாஸ்டரை ஐயான்னுதான் சொல்லுவோம், அவங்கட்டயும் எமி பேரைத்தான் குடுத்திருக்கு. மாத்துறதா இருந்தா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லணுமாம். பேசாதவளைக் கூட்டிட்டுப் போயி பிள்ளைய எப்படிக் கையில குடுக்க?

அதனால நான் ஒரு யோசனை பண்ணினேன். ஐயா வீடு வீடா சந்திக்க வந்தாவ. முந்திரிக்கொத்து ரெண்டு கூடவே வச்சு, "ஐயா, நம்ம சபையில நிறைய பேர் மனசுல கசப்பை வச்சிட்டு இருக்காங்க. பலிபீடத்துக்கிட்ட காணிக்கையை வச்சிட்டு முதல்ல போயி ஒப்புரவாகுன்னு மத்தேயுல இருக்குல்லா, அதைப் பிரசங்கம் பண்ணுங்க. சும்மா விடாதீங்க, அங்கனயே எந்திரிச்சுப் போயி மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க"ன்னேன். எதுக்கு? எமி எந்திரிச்சு வருவான்னுதான். நல்ல யோசனைதான? ஐயா முந்திரிக்கொத்தை மென்னுக்கிட்டே தலையாட்டிட்டுப் போனாவ.

இன்னைக்கு அதே வசனம், அதே பிரசங்கம். நல்லாத்தான் பண்ணினாவ, பாவம். "இப்பவே எழுந்து போங்க, யார்மேல உங்களுக்கு மனத்தாங்கலோ அவங்ககிட்ட போங்க"ன்னாவ. நான் அசையாம உக்காந்திருந்தேன். எனக்கென்ன, வரவேண்டியவ வருவான்னு.

வந்தாவளே! எமி இல்லை. மத்தவங்க.

முதல்ல ரஞ்சனா ஆண்ட்டி. "சுந்தரி, மாஃப் கரோம்மா, அறுப்பின் பண்டிகை சாப்பாட்டுக் கடையில உன் மீன்குழம்பு மட்டும் வித்துப்போச்சு, என் பிரியாணி அப்டியே இருந்துச்சு. நீ அதை ஊரெல்லாம் சொன்னே. ரெண்டு வருசமா மனசுல வெச்சிருந்தேன்"ங்காவ. எனக்குத் தெரியவே தெரியாது தாரிணி! இத்தனை நாளும் அவங்க வீட்டுக்குப் போயி டீ குடிச்சிருக்கேன். அவங்க நகந்தா பின்னால பாடகர் குழுவை நடத்துற அம்மா. நான் பாட்டுல ஆர்கனுக்கு முன்னாலயே ஓடிருதேனாம், அதுல அவங்களுக்கு வருத்தமாம். அடுத்தாப்ல ஒருத்தி, மருமகளைப் பத்தி நான் கேட்ட கேள்வியில ரெண்டு நாள் தூங்கலையாம். இன்னொருத்தி, என் வாய்க்குப் பயந்து நம்ம தெருவழியா வர்றதே இல்லையாம், சுத்திப் போறாளாம். ரேஷன் கடை மாதிரி வரிசை. எல்லாரும் என் கையைப் பிடிச்சுக் கண்ணீர் விட்டு, மனசு லேசாயி, சிரிச்சிட்டுப் போறாவ. பாரம் பூரா எங்கிட்ட. "ஏன் அழுவுறே, நக்கோ, அழாதே, நாந்தான் மன்னிச்சிட்டேன்ல"ன்னு ரஞ்சனா ஆண்ட்டி தட்டிக் குடுக்காவ. என்னைய அவங்க மன்னிச்சிட்டாங்களாம்.

எமி இருந்த பெஞ்சைப் பாத்தா காலி. பாத்தியா, பிரசங்கத்துக்குப் பயந்து ஓடிட்டான்னு நெனச்சேன். அப்பத்தான் திக்குன்னுச்சு. பிள்ளை எங்க? பிரசங்கம் ஆரம்பிச்ச உடனே இவன் அழுதான், பின்னாலருந்து ரெண்டு கை நீண்டுச்சு, நான் ஐயா அந்த வசனத்தை எப்பச் சொல்லுவாவன்னு அவங்களையே பாத்துட்டு, திரும்பிப் பாக்காம குடுத்துட்டேன்.

வெளிய ஓடினேன். வேப்பமரத்தடியில எமி. பிள்ளையத் தோள்ல போட்டு நடந்துட்டு இருக்கா. அவ பட்டுச்சேலை பூரா இவன் எச்சி. பிரசங்கத்துல ஒரு வார்த்தை கேக்கல அவ. "தூங்கிட்டான் அக்கா"ன்னு மெதுவாக் குடுத்தா.

நான் என்ன சொன்னேங்கியா? ஒண்ணும் சொல்லல. வாங்கிட்டு வந்துட்டேன். நான்! நாக்கு புரளல. அவ பண்ணின ஜெபம் கேக்கப்பட்டுது பாரு, கேக்கக் கூடாத நேரத்துல.

…என்ன? அவ எதுக்கு அப்படி ஜெபம் பண்ணினாங்கியா? அது… அதுக்கு முந்தின நாள் போன்ல எங்க மாமியார்ட்ட கொஞ்சம் கூடப் பேசிட்டேன். மனசு கேக்காம எமிட்ட போயி, "என் நாக்கு அடங்கணும்னு ஜெபம் பண்ணு எமி"ன்னு நாந்தான் அழுதேன். ஆனா, கதவைச் சாத்திட்டு அவ வீட்டுல பண்ணுவான்னு நெனச்சேன். சமோசாவுக்கு முன்னால பண்ணச் சொன்னேனா?

சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே. பையை ஏன் எங்கிட்ட நீட்டுத? எனக்கா? யாரு குடுத்தா?

…வெள்ளைச் சட்டை. குல்லாவும் இருக்கு.

கீழயா நிக்கா? எப்பலருந்து? நீ வந்ததுலருந்தேவா? மேல வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாளா? ஏன் தாரிணி, வந்த உடனே சொல்றதுக்கென்ன?

…ஆமா. நான் எங்க விட்டேன்.

இந்தா, ஜன்னல்ல தெரியுதா. ஸ்கூட்டர்மேல உக்காந்து இந்தக் கதவையே பாத்துட்டு இருக்கா, வெயில்ல. நீ பிள்ளையப் பாத்துக்கோ, முழிச்சா தட்டிக் குடு. நான் போயி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன்…

எதுக்குச் சிரிக்க?