கதவு வராத அறை

— இது என்னடா, போன தடவை வந்தப்ப இந்தக் கம்ப்யூட்டர் திரை பூரா சிவப்பா இருந்துச்சு. இப்ப மொத்தமும் பச்சையா இருக்கு.

— அதான்க்கா சொன்னேனே, கட்டட வேலை சரியாப் போகுதுன்னு அர்த்தம். நீ முதல்ல உட்காரு. அந்த ஹெல்மெட்டைக் கழட்டு.

— உட்கார வரலடா. கடையில ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன். இந்தத் தகர டப்பா ஆபீஸுக்குள்ள மனுஷன் எப்படித்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறியோ. உங்க அத்தானோட கட்டிக்கு எப்ப கரண்ட் வைப்பாங்க, அதை மட்டும் சொல்லு.

— அடுத்த மாசக் கடைசியில ஆஸ்பத்திரியோட இந்தப் பகுதியைத் திறந்துடுவாங்க. இங்க போட்டிருக்கு பாரு. திறந்ததும் முதல் ஆளா அத்தானைச் சேர்த்துடலாம். அங்க இருக்கிற டாக்டர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

— வர்ற வழியில கீழ எட்டிப் பார்த்தேன். கோட்டைச் சுவர் மாதிரி ஒரு ரூம் இருக்கே, அதுலதானே கரண்ட் வைக்கிற மெஷின் வரப்போகுது?

— அதுலதான்.

— அந்த ரூமுக்குக் கதவே இல்லையேடா.

— வரும்க்கா.

— அங்க நின்ன மேஸ்திரிகிட்ட கதவு எங்கங்கன்னு கேட்டேன். எந்தக் கதவும்மான்னு என்னையே திருப்பிக் கேட்கிறாரு.

— அவருக்கென்ன தெரியும். அது சாதாக் கதவு இல்லக்கா. உள்ள ஈயம் வெச்சுச் செய்யணும், இல்லன்னா மெஷின் ஓடுறப்ப கதிர் கசிஞ்சு வெளிய நிக்கிறவங்களுக்கு ஆபத்து. வெளியூர்க் கம்பெனி செய்யுது. அவங்களுக்கு ஈயம் வேற ஒருத்தர்கிட்ட இருந்து வரணும்...

— நீ பேச்சை வளர்க்காதே. எப்ப வரும்?

— தெரியலக்கா.

— தெரியலன்னா அடுத்த மாசம் எப்படித் திறப்பாங்க?

— உனக்கு எப்படிச் சொல்றது. இந்த சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு வேலையும் ஒரு கோடு. சுவர் காய்ஞ்சாதான் மெஷினை இறக்கலாம், இறக்கினாதான் வயரிங், கதவு மாட்டினாதான் மெஷினை ஓட்டிப் பார்க்கலாம். இப்படி ஒண்ணு வாலை இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். முன்னாடி ஒண்ணு நின்னா, பின்னாடி இருக்கிறதெல்லாம் தானாத் தள்ளிப் போயிடும்.

— சரி, கதவு வராம நிக்குதே. பின்னாடி இருக்கிறது ஏன் தள்ளிப் போகல?

— டீ சொல்லட்டுமா?

— ஏன் தள்ளிப் போகலன்னு கேட்கிறேன்.

— கதவுக்கும் மெஷினுக்கும் நடுவுல இருந்த லிங்க்கை எடுத்துட்டேன்.

— எடுத்துட்டேன்னா?

— அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிட்டேன். அது என்னத்தைக் கண்டுச்சு, சொன்னதை நம்பிக்கும். இப்பத் திரையில கதவு அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு, மெஷின் அது பாட்டுக்கு ஓடுது.

— கதவில்லாத ரூம்ல.

— திரையில மட்டும்தான்க்கா.

— உங்க அத்தான் திரையிலயாடா படுத்திருக்காரு?

— மேனேஜர் கூப்பிட்டு, மேலிடத்துல இருந்து ஆள் வராங்க, ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாதுன்னாரு. தேதியை நான் சொல்றேன், அதுக்கு ஏத்த மாதிரி நீ கோடு போடுன்னாரு. போட்டேன். மீட்டிங் முடிஞ்சதும் லிங்க்கைத் திரும்ப மாட்டிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்தத் தேதியை நம்பித் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழே அடிச்சுட்டாங்க.

— அந்தத் தேதியைத்தான் வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சொன்னே.

— அத்தான் கேட்டாருக்கா. அவர் முகத்தைப் பார்த்துட்டு வேற சொல்ல எனக்கு வாய் வரல.

— இப்ப அதை மாட்டு.

— எதை?

— எடுத்தியே, அதை. என் கண்ணு முன்னாடி மாட்டு.

— வேண்டாம்க்கா.

— மாட்டுடா.

— இந்தா. போதுமா?

— என்னடா இது, எல்லாம் சிவப்பாகிட்டே ஓடுது. எங்க போய் நின்னுச்சு? இது எந்த மாசம்?

— மாசத்தைப் பார்க்காதே. வருஷத்தைப் பாரு.

— அடுத்த வருஷமா?

— ம்.

— தொண்டையில இருக்கிற கட்டிக்கு ரெண்டு மாசத்துக்குள்ள கரண்ட் வைக்கணும்னு சொன்னாங்களேடா. அதுக்கு மேல தள்ளக் கூடாதுன்னாங்களே.

— அக்கா, அழாதே. வெளியூர்ல அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்க ஒரு இடம் கொடுத்தாங்கல்ல. நாளைக்கே கிளம்பிப் போயிடுங்க. நான் லீவு போட்டுட்டுக் கூட வரேன்.

— அந்த இடம் போச்சு.

— எப்படிப் போச்சு?

— உங்க அத்தான், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிட்டு வரேன்னு அங்க தனியாப் போனாரு. அன்னைக்கு சாயங்காலம்தான் நீ வந்து தேதி சொன்னே. மறுநாள் நான் கடையில இருந்து வந்தா, அந்த இடத்தை வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நிக்கிறாரு. என் மச்சினன் கட்டுற இடத்துலயே வரப்போகுது, எதுக்கு ஊர் விட்டு ஊர் போய் லாட்ஜுல கிடக்கணும்னாரு. நான் கத்தினேன். சிரிச்சாரு. மனசு கேட்காம இன்னைக்குக் காலையில அங்க போன் பண்ணினேன். வேற யாரோ வந்து சேர்ந்துட்டாங்களாம்.

— அப்ப நான்தான் அத்தானைக் கொன்னுட்டேன்.

— வாயைக் கழுவுடா.

— வேற என்ன சொல்றது? மவுஸை ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். அது அவர் தலையில போய் விழுந்திருக்கு.

— உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்ல. திட்டினா மட்டும் கதவு வந்துடுமா.

— போன் அடிக்குது. அத்தான்தான்.

— எடு. ஸ்பீக்கர்ல போடு. நான் இங்க இருக்கேன்னு மூச்சு விடாதே.

— சொல்லுங்க அத்தான்.

— மாப்ளே, வேலையா இருக்கியா? சுருக்கமாச் சொல்லிடறேன். பேசப் பேசத் தொண்டை அடைக்குது. உங்க அக்கா ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கா. கட்டடத்தைப் பத்தி உன்கிட்ட வந்து துருவித் துருவிக் கேட்பா. நீ அந்தத் தேதியையே சொல்லு.

— அத்தான், அந்தத் தேதி பொய். நான் பண்ணின தப்பு. கதவு இன்னும்...

— தெரியும். தினமும் காலையில அந்தப் பக்கம்தானே நடக்கிறேன். வேலியோரம் நின்னு பார்த்தாலே தெரியுதே. நீ சொன்ன அன்னைக்கே தெரியும்.

— தெரிஞ்சுமா அந்த ஆஸ்பத்திரி இடத்தை விட்டீங்க?

— நான் எங்க விட்டேன். ஸ்கேனைப் பார்த்துட்டு அவங்கதான் என்னை விட்டுட்டாங்க. நுரையீரலுக்கும் போயிடுச்சாம். இனிமே கரண்ட் வெச்சு உடம்பை நோகடிக்காதீங்க, வீட்டுல நிம்மதியா இருங்கன்னு அனுப்பிட்டாங்க. இதை எப்படி அவகிட்ட சொல்றதுன்னு பஸ்ஸு பூரா யோசிச்சுட்டே வந்தேன். வந்தா வீட்டுல நீ உட்கார்ந்திருந்தே. சும்மா கேட்டு வெச்சேன், நீயும் ஒரு தேதி சொன்னே. அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

— அத்தான்...

— நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே. உன் தேதியால எனக்கு எதுவும் கெட்டுப் போகல. ஒரே ஒரு உதவி பண்ணு. அவகிட்ட ஒரேடியாத் தள்ளிடாதே. இந்த வாரம் கதவு வரலன்னு சொல்லு. அப்புறம் வயரிங்னு சொல்லு, அப்புறம் ஏதோ கையெழுத்து பாக்கின்னு சொல்லு. நீங்க ஆபீஸ்ல பண்றதுதானே. கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிட்டே போ. நான் போற வரைக்கும், காலையில எந்திரிச்சா அவளுக்கு எதிர்பார்க்க ஒண்ணு இருக்கட்டும். என்ன மாப்ளே, சத்தத்தையே காணோம். லைன்ல இருக்கியா?

— இருக்கான். நானும் இருக்கேங்க.