கதவைத் தொடாமல் தீர்ப்பு இல்லை

மேடையில் வீற்றிருக்கும் விருதுக் குழுவின் செயலாளர் அவர்களே, நடுவர் குழுவின் சக உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், தலைவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, கட்டடக் கலைஞர்களே, பொறியாளர்களே, அந்தத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்ததால் என் முகத்தைப் பார்க்காமல் தப்பித்த பாக்கியசாலிகளே, எல்லாருக்கும் மேலாக, கடைசி வரிசையினரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கடைசி வரிசைக்கு மட்டும் ஏன் தனி மரியாதை? எந்த அரங்குக்குப் போனாலும் நம் தலைவர் அங்கேதான் உட்காருவார். முன்னால் வாருங்கள் என்று யாராவது கையைப் பிடித்து இழுத்தால், "முன் வரிசைக்கு எந்தக் கட்டடமும் நல்லாத்தான் இருக்கும். வரைஞ்சவரே அங்கதானே உக்காருவாரு" என்பார். இன்றைக்கு அவர் படத்தை மேடையில், அதுவும் நட்ட நடுவில் வைத்திருக்கிறோம். இனி எழுந்து பின்னால் போய்விட மாட்டார் என்கிற தைரியம் நமக்கு.

உலகத்தின் எந்த மூலையில் ஒரு நல்ல கட்டடம் எழுந்தாலும் அதைத் தேடிப் போய்ப் பாராட்ட வேண்டும் என்று ஒரு விருதைத் தொடங்கியவர் அவர். கடைசி மூச்சு வரை அதன் நடுவர் குழுத் தலைவராக இருந்தவர். பத்திரிகைகள் அவரைக் கட்டடக் கலை மேதை என்று எழுதின. நாங்கள் கைப்பிடி அண்ணன் என்று கூப்பிட்டோம். ஏனென்றால், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அண்ணாந்து பார்க்க மாட்டார். நேராக வாசலுக்குப் போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஏதோ பழைய நண்பரின் கையைக் குலுக்குவதுபோல. பின்னால் வருகிறவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். "சார், உள்ள போறீங்களா, கதவைக் கழட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அவர் வகுத்த விதிகள் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டிக்கு வரும் கட்டடப் படங்கள் எல்லாம் உறையில் போட்டு ஒட்டப்பட்டுச் செயலாளரின் அலமாரியில் தூங்கும். நடுவர்கள் கைக்கு வருவது வெறும் முகவரி. அது பள்ளிக்கூடமா, பஞ்சு மில்லா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேராகப் போக வேண்டும். சொல்லாமல் போக வேண்டும். ஒரு முழுப் பகல் அங்கே இருந்து, நடந்து, உட்கார்ந்து, கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகுதான் தீர்ப்பு.

"ஏண்ணே இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுக்கிறவர் வெயில் தாழ்ந்ததும் வந்து எடுப்பாரு தம்பி. மனுஷங்க மத்தியானமும் இருக்கணும்ல?"

இப்படிப்பட்ட ஒரு குழுவில் நான் எப்படி வந்து சேர்ந்தேன்? நல்ல கேள்வி. செயலாளர் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பத்திரிகையில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கும் கட்டடத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு வாடகை. ஒரு வாரம் எழுத எதுவும் சிக்காமல், இந்த விருதைக் கிண்டல் செய்து எழுதித் தொலைத்தேன். மறுநாள் தொலைபேசி வந்தது. "உங்க கட்டுரையைப் படிச்சேன், சிரிச்சேன். ஏன் வீட்ல உக்காந்துக்கிட்டு கிண்டல் பண்றீங்க? ரயில்ல உக்காந்து பண்ணுங்க. வாங்க." கட்டடத்துக்குள் இருக்கப் போகிறவன் சார்பில் ஒருவன் குழுவில் வேண்டும், அவன் குண்டாகவும் சோம்பேறியாகவும் இருந்தால் ரொம்ப நல்லது என்று அவர் நினைத்தாராம். "நீ மூச்சு வாங்குற எடத்துல படிக்கட்டு தப்புன்னு அர்த்தம்." என்னை இதுவரை யாரும் இவ்வளவு உயர்வாக மதித்ததில்லை.

நண்பர்களே, அந்தத் துறைமுக ஊர்க் கதையைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். கூட இருந்தவன் நான்.

முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் ஒரு காலையில் அந்தத் தெருவில் போய் இறங்கினோம். அந்த ஊரில் தெருவின் ஒரு பக்கத்து எண்ணும் எதிர்ப்பக்கத்து எண்ணும் ஒன்றுபோலவே இருக்கும், பின்னால் ஒரு எழுத்துதான் வேறு என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு பக்கம் போனோம். அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார். விடவில்லை. "தம்பி, இதைத் தொட்டுப் பாரு" என்றார். மரத்தில் செய்த கைப்பிடி அங்கே முடியவில்லை. கதவைத் தாண்டியதும் அதே உயரத்தில் சுவரில் தொடர்ந்தது, திரும்பியது, உள்ளே போனது. நீண்ட கூடம். கூரையிலிருந்து இறங்கும் மெல்லிய வெளிச்சம். பெஞ்சுகளில் மனிதர்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் கட்டு. கண் மருத்துவமனை! கண்ணைக் கட்டிக்கொண்டவர்கள் யார் துணையும் இல்லாமல் சுவரைத் தடவியபடியே போய் மருந்து வாங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், திரும்பி வந்து தங்கள் இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அண்ணன் என்ன செய்தார்? கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கட்டையைப் பிடித்தபடி கூடத்தைச் சுற்றிவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு, என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். அடுத்து நான் போனேன். ஒரு பாட்டியின் மடியில் போய் உட்கார்ந்தேன். அது கட்டடத்தின் குற்றமில்லை, இடையில் ஒரு கண்ணைத் திறந்து ஏமாற்றப் பார்த்தேன், தடம் மாறிவிட்டது.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டார். "எங்கய்யா இருக்கீங்க? கண் ஆஸ்பத்திரியிலயா? நம்ம முகவரி எதிர்ல, பாருங்க, கண்ணாடி மாளிகை. எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாங்க, காலையிலேர்ந்து பூங்கொத்தோட நிக்கிறாங்களாம்." எதிரே ஓடிப் போய் இரண்டு நிமிடம் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றேன். அண்ணன் அசையவில்லை. "அங்கயும் போவோம். நாளைக்கு. முழுப் பகல்."

போனோம். தகதகவென்று ஒரு மாளிகை. உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தார்கள். நான் அது சீருடை என்று நினைத்தேன். வெயில் தாங்காமல் போட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் விருது யாருக்குப் போனது? போட்டியில் கலந்துகொள்ளவே செய்யாத கண் மருத்துவமனைக்கு. அதை வரைந்த அம்மையார் ஊர்ப் பொதுப்பணி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். செய்தியைச் சொன்னபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று தொலைபேசியை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டோம், மறுபடி வைத்துவிட்டார். குழுவுக்குள் அன்று பெரிய சண்டை. வழி தப்பிப் போய்ப் பார்த்ததற்கெல்லாம் விருதா என்றார்கள். அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "வழி தப்பினது நாங்க. கட்டடம் தப்பலையே?"

சொல்லுங்கள் நண்பர்களே, படத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்குமா? அந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் அந்த மரக் கைப்பிடியை இந்த உலகம் கண்டிருக்குமா?

உடம்பு முடியாமல் அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது, கடைசியாகப் பார்க்கப் போன என்னை ஒரு வார்த்தை நலம் கேட்க விடவில்லை. "மேல பாரு" என்றார். கூரையில் ஒரு குழல்விளக்கு, நேராக அவர் கண்ணுக்கு மேல். "படுத்திருக்கிறவனுக்கு உலகமே இந்தக் கூரைதான். இதை வரைஞ்சவர் நின்னுக்கிட்டே வரைஞ்சிருக்காரு. நம்பிக்கை இல்லைன்னா அந்தக் கட்டில்ல படுத்துப் பாரு." பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. படுத்தேன். அவர் சொன்னது சரிதான். நர்ஸ் வந்து, "நீங்க எப்ப அட்மிட் ஆனீங்க?" என்று அட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் மிச்சம் ஒரு முகவரி இருக்கு தம்பி. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பார்க்காம பண்ணிடாதீங்க."

இப்போது, என்னை ஏன் பேச அழைத்தோம் என்று செயலாளர் வருந்தப்போகும் இடத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்குகிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் உறைகளைப் பிரித்து, இந்த ஆண்டின் படங்களை அதில் காட்டி, நடுவர்கள் இங்கேயே கை தூக்கி முடிவு செய்வது என்று ஏற்பாடு. தலைவரின் நினைவுக்குச் செய்யும் மரியாதையாம். செயலாளர் கெட்டவர் இல்லை. விருதை எப்படியாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் பாடுபடுகிறார். பயணம் பெரும்பாடு, எங்களில் யாருக்கும் முட்டி சரியில்லை, உலகமே இன்று திரையில்தான் கல்யாணப் பெண்ணையே பார்க்கிறது என்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கைப்பிடி அண்ணனின் நினைவுக்கு மரியாதை செய்வதற்காகக் கைப்பிடியை விட்டுவிடுவதா? உயிரோடு இருந்தபோது அவர் ஒரு நாளும் பிரிக்க விடாத உறையை, அவர் படத்துக்கு முன்னாலேயே பிரிப்பதா? நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒருவர் கட்டிக்கொண்டிருப்பார். யாராவது வந்து தொட்டுப் பார்ப்பார்கள் என்று நம்பி அந்தக் கைப்பிடியை இழைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி, தலைவர் இல்லாமல் ஒருவராக எப்படிப் போவீர்கள் என்று செயலாளர் நேற்று கேட்டார். இன்று காலை அண்ணியைப் பார்க்கப் போனேன்.

"தம்பி, வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

"எந்த வண்டி அண்ணி?"

"அவர் போகவேண்டிய வண்டிதான். நானும் வர்றேன்."

அண்ணி இதுவரை எந்தப் பயணத்துக்கும் வந்தவர் இல்லை. உலகத்துக் கட்டடத்துக்கெல்லாம் மார்க் போடுகிறவர் வீட்டில் சமையலறை ஜன்னல் சாத்தவே மாட்டேன் என்கிறது, அது சாத்துகிற அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"ஜன்னல் சரியாயிடுச்சா அண்ணி?"

"இல்ல. அவர் வரைஞ்ச ஜன்னலை இத்தனை வருஷம் தினமும் ரெண்டு வேளை இழுத்துப் பார்த்திருக்கேன். எது சரியில்லைன்னு சொல்ல இந்தத் தகுதி போதாதா?"

நண்பர்களே, நான் நடுவராக இருக்கலாம் என்றால், அண்ணி ஏன் இருக்கக் கூடாது? எனவே அந்தக் காலி நாற்காலிக்கு அண்ணியை முன்மொழிகிறேன். எதிர்ப்பவர்கள் அவரிடமே நேரில் சொல்லிக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

நாளை காலை முதல் வண்டியில் நாங்கள் இருவரும் அந்தக் கடைசி முகவரிக்குக் கிளம்புகிறோம். அது என்ன கட்டடம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. எனக்கு மூச்சு வாங்கும் இடங்களை நான் பார்க்கிறேன், ஜன்னல்களை அண்ணி பார்ப்பார். அடுத்த ஆண்டும் போவோம். அதற்கு அடுத்த ஆண்டும் போவோம். முட்டி போனால் தடி ஊன்றிப் போவோம். கதவைத் தொடாமல் இந்த விருது யாருக்கும் போகாது. இது அவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு.

முடிக்கும் முன் ஒரு வேலை பாக்கி. எந்த அரங்கிலும் அண்ணன் கிளம்பும் முன் செய்கிற சோதனை. மைக்செட் தம்பி, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

கடைசி வரிசை! நான் பேசுவது கேட்கிறதா? கேட்டால், இந்தத் திரை இன்று வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

கேட்டிருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள் செயலாளர் அவர்களே, தூணுக்குப் பின்னாலிருந்துகூட ஒரு கை நீள்கிறது. உங்கள் கையும் மேலேறுவதை நான் பார்த்துவிட்டேன், இனி இறக்கக் கூடாது. திரையைச் சுருட்டச் சொல்லுங்கள்.

அண்ணி, எழுந்திருங்கள். மூட்டை கட்ட வேண்டும்.