ஸ்பேனர் போடாத நட்டு

ஹலோ... ஹலோ, திண்டிவனமா?... பஸ் ஷெட்டா? கந்தசாமி மேஸ்திரி இருக்காரா?... நீங்கதானா. மேஸ்திரி, நான் செஞ்சி லேத்து சாந்திராஜ் பேசறேன். ஆதிநாராயணன் மல்லாட்டைக் கடலை மண்டியிலேருந்து ட்ரங்க் கால் போட்டிருக்கேன்...

ஆமா, ஆமா, எல்லாம் சௌக்கியம். அது அப்பறம். பொதன்கெழமை நான் குடுத்தனுப்பின பிரேக் பின்னு நூறு இருக்குதே... ஆமா, பிரேக் ராடுக்குப் போடறதுதான். அதுல ஒண்ணுகூட எந்த வண்டியிலயும் மாட்டாதீங்க... இல்ல மேஸ்திரி, வெளையாடல.

நீளம் தப்பாயிட்டுது... இல்ல, எல்லாம் இல்ல. மொதோ அறுபது சரி. கடைசி நாப்பது போகப் போக நீண்டுக்கினே போயிருக்குது... எப்படின்னா... சொல்றேன், இருங்க. லேத்துல பின்னைக் கவ்விப் புடிக்கிறதுக்கு காலெட்டுன்னு ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள நானே ஒரு ஸ்டாப்பு செஞ்சி போட்டிருக்கேன். சின்ன ராடுதான். உள்ள தள்ளற கம்பி அதுல முட்டி நிக்கும். முட்டினா நூறும் ஒரே நீளம். ஒவ்வொண்ணா அளக்க வேணாம்... ஆமா, உங்ககிட்டகூட பெருமையாக் காட்டினேனே, அதேதான்.

செவ்வாக்கெழமை சாயங்காலம் அறுபது முடிஞ்சப்ப அதுல இரும்புச் சுருள் அடைச்சிக்கிச்சி. கழட்டித் தொடச்சித் திரும்பப் போட்டேன். எங்க ஜைன வீட்லதான் பொழுது சாஞ்சா சோறு கெடையாதே, உங்களுக்குத் தெரியும். எம்பொஞ்சாதி மருதேவி, பொழுது எறங்குது எறங்குதுன்னு உள்ளேருந்து கூப்புட்டுக்கினே இருக்கா. ஸ்டாப்பு நட்டைக் கையாலயே திருகிட்டு, சாப்ட்டு வந்து ஸ்பேனர் போட்டுக்கலாம்னு எழுந்து போயிட்டேன்... ஆமா. வந்து போடல. மறந்துட்டு மீதிய அப்படியே கடைஞ்சி முடிச்சிட்டேன். ஒவ்வொரு தடவ கம்பி முட்டறப்பவும் அது மயிரிழை பின்னால போயிருக்குது.

எப்பவும் ரெண்டு சேத்துக் கடைஞ்சி, மொதோ பின்னு ஒண்ணு, கடைசிப் பின்னு ஒண்ணு எடுத்து மாடத்துல வெச்சிக்குவேன். இன்னைக்குக் காலைலதான் ரெண்டையும் பக்கத்துல நிக்க வெச்சிப் பாத்தேன். கடைசிது நகக்கண்ணு அளவு ஒசரமா நிக்குது. ஒடனே மண்டிக்கு ஓடியாந்து போன் போட்டேன் மேஸ்திரி...

இன்னா?... மாட்டிட்டீங்களா?... எப்போ?... நேத்து காலைலயேவா. எத்தினி வண்டி?... ஒண்ணுதானே? நல்லா நெனப்புப் பண்ணிச் சொல்லுங்க... சரி, சரி, ஒண்ணு. எது?... பச்சைமுத்து ஓட்டறானே, திருவண்ணாமல வண்டி, அதுவா? இன்னைக்கு எப்போ எடுத்தான்?... ஒம்போதேகால். இப்பப் பத்தடிச்சிட்டுது. வல்லம் தாண்டியிருப்பான், அடுத்தது இங்க செஞ்சிதான்.

எந்தப் பொட்டலத்துலேருந்து எடுத்தீங்க?... எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டீங்களா... சரி, உங்களச் சொல்லி இன்னா. மாட்டறப்ப ஆடுச்சா?... கொஞ்சம் ஆடுச்சா? அப்பறம் ஏன் அதை...

...

ஆமா. நான்தான் சொன்னேன். அளக்காம மாட்டுங்க, நூறும் ஒண்ணுதான்னு நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லலயே... தெரியுது மேஸ்திரி, நீங்க என் வாயை நம்பித்தான் மாட்டினீங்க.

இன்னா சொல்றீங்க?... ராத்திரி வண்டி ஷெட்டுக்கு வந்ததும் சத்தமில்லாம மாத்திடலாமா? மொதலாளிக்குத் தெரியாமயா? பின்னு நீளமா இருந்தா வாஷர் ஒக்காராது, ஆடி ஆடி ஸ்ப்ளிட் பின்னை அறுத்துடும். அது அறுந்தா பின்னே கழண்டு உழுந்துடும், பிரேக்கு ஏது? உங்களுக்கு நான் சொல்லணுமா? இன்னைக்கு முகூர்த்த நாள் வேற, வண்டியில நிக்க எடமிருக்காது... இல்ல, நான் உடமாட்டேன்.

ஹலோ, எக்ஸ்சேஞ்சா? கட் பண்ணாதீங்கம்மா, இன்னும் மூணு நிமிசம் குடுங்க... ஆமா, எவ்ளோ ஆனாலும் சரி.

மேஸ்திரி, இருங்க... ஆரன் கேக்குது. பச்சைமுத்து வண்டிதான். மண்டிக்கு எதுத்தாப்புலதான் நிக்கும். போனை வெச்சிடாதீங்க. ஆதிநாராயணன், இதக் கொஞ்சம் புடிச்சிக்குங்க.

...

ஹலோ... மேஸ்திரி... ஆமா, நின்னுது. நின்னுது. அடியில படுத்துப் பாத்தேன்... நீளப் பின்னுதான். வாஷர் பாதி தேஞ்சிபோச்சி. ஸ்ப்ளிட் பின்னுல ஒரு காலு அறுந்துட்டுது, இன்னொண்ணு சும்மா தொங்கிக்கினு இருக்குது.

சனங்களை எறக்கிட்டோம். பச்சைமுத்து மூஞ்சில ரத்தமே இல்ல, படியில ஒக்காந்துட்டான். கல்யாணத்துக்குப் போற அம்மா ஒண்ணு, தாலி கட்டற நேரம் தாண்டிப்போவுதுன்னு என்னைத் திட்டிக்கினு நிக்குது. திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்.

சரி, மொதலாளி ஷெட்டுலதானே இருக்காரு? போனை அவர்கிட்ட குடுங்க... பயப்படாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் பேசிக்கிறேன்... குடுங்க மேஸ்திரி.

...

வணக்கம் மொதலாளி. செஞ்சி சாந்திராஜ்ங்க... ஆமாங்க... ஆமாங்க, வண்டி இங்க நிக்குது. யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க... தப்பு என்னுதுங்க. மேஸ்திரிய ஒண்ணும் சொல்லாதீங்க, அளக்க வேணாம்னு அவருக்குச் சொன்னதே நான்தான்... ஆமாங்க... நீங்க சொல்றது நாயம்ங்க.

மொதோ பின்னு எங்கிட்ட இருக்குதுங்க, சரியான நீளம். பத்து நிமிசத்துல நானே மாட்டி வண்டிய...

...

சரிங்க.

சரிங்க மொதலாளி. என் கை வண்டியில படாது. உங்க ஆளு வர்ற வரைக்கும் நிக்கட்டும்... சரிங்க, இனிமே என் பின்னு உங்க ஷெட்டுக்கு வராது.

ஒண்ணே ஒண்ணு மட்டுங்க. வர்ற ஆளு பழைய பின்னைக் கொண்டாந்தாலும், புதுசைக் கொண்டாந்தாலும், அளந்து பாத்து மாட்டச் சொல்லுங்க. யாரு சொன்னாலும் நம்ப வேணாம், அளந்து...

ஹலோ... மொதலாளி?... ஹலோ...