மூன்றாம் மாடியில் மூடாத கதவு

விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! மந்தையின் பாரத்தை மனத்தில் சுமக்கும் மாண்புமிகு ஆயர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோரே! மடியில் உறங்கும் மழலையைத் தட்டிக்கொண்டே என் பேச்சுக்கும் செவி சாய்க்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் ஆண்டவரின் இனிய நாமத்தில் வாழ்த்தி வணங்குகிறேன்.

தலைவர் என்னைச் 'சொற்செல்வர்' என்று அறிமுகப்படுத்தினார். ஐயா, நான் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே ஏற்றி, பத்திரமாகக் கீழே இறக்குவது என் தொழில். ஏற்றிவிட்டு இறக்க மறந்துபோவது மேடைக்காரர்களின் தொழில். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

'வேதத்தை வாசிப்பதும் வாழ்வதும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசிப்பதைப் பற்றிப் பேசப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வாழாமல் வாசித்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் அக்கா. பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் கேட்டால் கட்டிலில் கிடக்கும் நோயாளியே எழுந்து நிற்பான் என்பார்கள். எதிர் வீட்டில் தங்கை. கணக்கு டீச்சர். கணவரை இழந்தவர். நல்ல நாளில் எதிரெதிரே வீடு வாங்கினார்கள். அப்புறம் வந்தது கெட்ட நாள். அவர்களுடைய தாய் அக்கா வீட்டில்தான் கண்ணை மூடினார். அன்றோடு சகோதரிகள் இருவருக்கும் பேச்சு நின்றது. இடையில் இருந்தது ஒரு நடைவழி. கையை நீட்டினால் எதிர்க் கதவு. ஆனால் யார் கையை நீட்டுவது?

அக்காவிடம் ஓர் அருமையான வழக்கம் இருந்தது. காலையில் வாசற்கதவைத் திறந்துவைத்து, வேதத்தில் ஒரு பகுதியை உரக்க வாசிப்பார். தியானிப்பார். வாசித்ததைச் செய்து முடிக்காமல் பக்கத்தைப் புரட்டமாட்டார். ஏழைக்குக் கொடு என்று வாசித்தால் அன்றே கொடுப்பார். நோயாளியைப் போய்ப் பார் என்று வாசித்தால் அன்றே பழப்பையோடு கிளம்பிவிடுவார். நம்மில் எத்தனை பேர் அப்படி? ஒரே மூச்சில் மூன்று அதிகாரம் முடித்துவிட்டு, அதே மூச்சில் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிற ஆட்கள்தானே நாம்!

அப்படி வாசித்து வந்தவர் ஒரு பகுதியில் வந்து நின்றுவிட்டார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, உன்மேல் மனத்தாங்கலாய் இருப்பவரிடம் முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிற பகுதி. காலையும் அதே. மறுநாள் காலையும் அதே. அவர் கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர், பரம சாது. என்னிடமே புலம்பினார். "அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னே மறந்துபோச்சு தம்பி. கொஞ்சம் புரட்டும்மான்னா முறைக்கிறா."

அந்த நாளிலிருந்துதான் லிஃப்ட் சரியில்லாமல் போனது.

காவலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். "யாரும் பட்டனைத் தொடறது இல்லண்ணே. நர்ஸம்மா வாசிக்க ஆரம்பிச்சா அதுவே கிளம்பி மூணாவது மாடிக்குப் போகுது. கதவு திறக்குது. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் மூட மாட்டேங்குது."

மின்சாரக் கோளாறு என்று நினைத்தேன். நீங்கள்கூட இப்போது அப்படித்தானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை லிஃப்டுக்குள் நானே நின்றுகொண்டேன். எந்தப் பட்டனையும் தொடவில்லை. மேலே ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. என் காலடியில் தரை மெல்ல அசைந்தது. லிஃப்ட் ஏறியது. மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. வாசிப்பு கணீரென்று கேட்டது. கதவு மூட வந்தது, பாதியில் நின்றது, மறுபடி விலகியது. வாசலில் ஆள் நிற்கும்போது அடிபடாமல் இருக்க, கதவு அப்படித்தான் விலகும். ஆளை உணர்வதற்கென்றே கதவோரத்தில் ஒரு கண் உண்டு. நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. கதவு மட்டும், யாரையோ இடிக்கக் கூடாது என்பதுபோல, வருவதும் விலகுவதுமாக இருந்தது.

அந்தக் கண்ணைத் துடைத்தேன். புதிதாக வேறு மாட்டினேன். லிஃப்டை இயக்கும் மின்பலகையை மாற்றினேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. நர்ஸம்மாள் காய்ச்சலில் படுத்து வாசிக்காத அன்று லிஃப்ட் சாதுவாகக் கிடந்தது. அவர் எழுந்து வாசித்த அன்று மறுபடி ஏறியது.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். அந்தக் கதவுக்கு அடியில் ஒளிக்கோடு ஒன்று தெரியும். வாசிப்பு நடக்கும்போதெல்லாம் அந்த ஒளியில் இரண்டு நிழல்கள் விழும். இரண்டு பாதங்கள். டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் நிழல் நகர்ந்துவிடும்.

நர்ஸம்மாள் கீழ்ப்படியாமல் இல்லை, சபையோரே. கீழ்ப்படிந்தார். எப்படி? காவலாளியிடம் போய், "நான் ஏதாவது கடுமையாப் பேசியிருந்தா மன்னிச்சிடுப்பா" என்றார். காவலாளிக்கு வேர்த்துவிட்டது, வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்று பயந்துவிட்டார். பால்காரரிடம் மன்னிப்பு. பாடகர் குழுத் தலைவரிடம் மன்னிப்பு. என்னிடமும் மன்னிப்பு! கட்டடம் முழுக்க ஏறி இறங்கி ஒப்புரவானார். எதிர்க் கதவை மட்டும் தட்டவில்லை. என்ன தாய்மார்களே, தலையைக் குனிகிறீர்கள்? ஊரெல்லாம் சமாதானம் செய்துவிட்டு, போக வேண்டிய ஒரே வாசலைச் சுற்றிக்கொண்டு போகிற வித்தை நமக்கு மட்டும் தெரியாதா?

லிஃப்டுக்குள் எவ்வளவு கனம் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று உண்டு. ஒருநாள் வாசிப்பு நடக்கும்போது அதை இணைத்துப் பார்த்தேன். லிஃப்ட் காலி. கருவி எண் காட்டியது. பெரிய எண் இல்லை. நோயில் இளைத்துப்போன ஓர் உடம்பின் எடை. நர்ஸம்மாள் வாசிப்பை முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"எவ்வளவு காட்டுது தம்பி?"

சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாவைக் கட்டில்ல இருந்து தினம் தூக்கி உக்கார வச்சது நான்தான். அந்தக் கனம் என் கைக்குத் தெரியும்" என்றார்.

அது யார், அது என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இறந்தவர்கள் ஆண்டவரின் கையில் இருக்கிறார்கள் என்று விசுவாசிக்கிறவன் நான். கருவி காட்டியதை மட்டும் சொல்கிறேன். ஆனால் ஒன்று. அவ்வளவு தெரிந்த பிறகும் அந்த அம்மாள் எதிர்க் கதவைத் தட்டவில்லை. பயம் வந்தது, கீழ்ப்படிதல் வரவில்லை. பயம் வேறு, கீழ்ப்படிதல் வேறு.

பிறகு ஒரு செய்தி வந்தது. டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு, கடல் கடந்து, மகனோடு போய்த் தங்கப்போகிறார். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை.

புறப்படும் காலை. லிஃப்ட் தகராறு செய்யும் என்று என்னை வரச்சொல்லியிருந்தார்கள். கனம் காட்டும் கருவியை இணைத்துவிட்டு, மூன்றாம் மாடி நடைவழியில் நின்றுகொண்டேன். கீழே கார் காத்திருந்தது. இங்கே வாசிப்பு தொடங்கியது. லிஃப்ட் வந்து திறந்தது. எதிர்க் கதவும் திறந்தது. டீச்சர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார், அக்காவின் வாசலைத் திரும்பிப் பாராமல் லிஃப்டுக்குள் ஏறினார், பட்டனை அழுத்தினார். கதவு வந்தது. பாதியில் நின்றது. விலகியது. மறுபடி அழுத்தினார். மறுபடி விலகியது.

"தம்பி, இது உங்க வேலைதானே? கதவை மூடுங்க. நேரமாகுது."

என்னிடம் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் எது நின்றாலும் கதவு மூடியே தீரும். சாவியைப் போட்டேன். திருப்ப முடியவில்லை. சாவி இறுகவில்லை, சபையோரே. என் கைதான் இறுகிவிட்டது. வாசலில் யாரும் இல்லை என்று கண் சொல்கிறது. இருக்கிறார்கள் என்று கருவி சொல்கிறது. யார்மேல் கதவைச் சாத்துவேன்?

அப்போது வாசிப்பு நின்றது. நர்ஸம்மாள் வேதத்தை மார்போடு அணைத்தபடி தன் வாசலுக்கு வந்தார். தங்கையைப் பார்த்தார். வாய்ப் பழக்கத்தில் அதே பகுதியைத் தொடங்கினார்.

"வசனம் வேண்டாம்க்கா" என்றார் டீச்சர். "அதைத்தான் தினமும் கேட்டுட்டு இருக்கேனே. நீ பேசு."

நீ பேசு! எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்! அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் எதுவும் நிற்காது.

நர்ஸம்மாள் வேதத்தைக் கணவர் கையில் கொடுத்தார். வெறுங்கையோடு நடைவழியில் இறங்கினார்.

"அம்மா உன்னைத்தான் கேட்டாங்க" என்றார். "கடைசி வரைக்கும் உன்னைத்தான். நீ வந்து கதவைத் தட்டினப்போ, அம்மா தூங்குறாங்க, அப்புறம் வான்னு அனுப்பினேனே, அவங்க தூங்கல. நீ தட்டின சத்தம் அவங்களுக்கும் கேட்டுச்சு. யாருன்னாங்க. காத்துன்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"எல்லாம் செஞ்சது நானு. கடைசியில உன் முகத்தைப் பார்த்துட்டு நிம்மதியாப் போயிடுவாங்களேன்னு பொறாமை. என் முகத்தைப் பார்த்துக்கிட்டேதான் கண்ணை மூடணும்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிடு."

டீச்சர் லிஃப்டின் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"காத்துன்னா சொன்ன?" என்றார். "மன்னிச்சிட்டேன்னு இப்பவே சொன்னா பொய்யாயிடும்க்கா. என்னால இன்னைக்கு முடியல. ஆனா வா. கீழ வரைக்கும் என்கூட வா."

நர்ஸம்மாள் லிஃப்டின் வாசல் வரை வந்து நின்றார். அங்கே நிற்பது என்ன கனம் என்று அறிந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து உள்ளே வைத்தார். நான் கருவியைப் பார்த்தேன். அவர் ஏறியதும் எண் ஏறியது. உடனே இறங்கியது. அந்தச் சிறிய கனம் மட்டும் கழிந்துபோயிருந்தது. என் பக்கத்தில், வேதத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர், எதற்கென்று அறியாமலே ஓர் அடி ஒதுங்கினார். லிஃப்டிலிருந்து வெளியே வருபவருக்கு நாம் வழிவிடுவோமே, அதுபோல.

கதவு மூடியது.

டீச்சர் தங்கிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. கிளம்பிவிட்டார். கீழே காரில் ஏறும்போது அவர் சொன்னதைக் காவலாளி கேட்டிருக்கிறார். நம்மில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லமாட்டோம். ஆனால் திரும்பி வரவே கூடாது என்று கிளம்பிய பெண்மணி அவர். கண்ணாடியை இறக்கி, அக்காவின் கையைப் பிடித்து, "போயிட்டு வரேன்க்கா" என்றாராம். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்தது இந்தச் சொல். எனக்கு அது போதும். பரலோகத்துக்கும் போதும் என்றே நம்புகிறேன்.

அன்பானவர்களே! வேதம் திறந்திருக்கிறது, கதவு மூடியிருக்கிறது என்றால், அந்த வாசிப்பு யாருக்காக? தியானம் நீள்கிறது, கால் நகரவில்லை என்றால், அந்தத் தியானம் எதற்காக? எல்லாரிடமும் பணிவு, ஒருவரிடம் மட்டும் இல்லை என்றால், அந்தப் பணிவுக்குப் பெயர் என்ன? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என் பேச்சு கொண்டுவந்த முகம் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இந்த அரங்குக்குள் நுழையும்போதே உங்களோடு நுழைந்து, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது!

தலைவர் அவர்களே, நன்றியுரை இருக்கிறது, ஆசீர்வாதமும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் யாராவது எழுந்து வெளியே போனால் அவமரியாதை என்று எண்ணிவிடாதீர்கள். வழிவிடுங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு முன்னே நடக்கட்டும். பேச வேண்டியவரிடம் போய்ப் பேசுங்கள், நான் உட்காருகிறேன். வணக்கம்.