சும்மாப் படகு

...அதத்தான் மரைக்காயரே நானும் சொல்றேன், நாகப்பட்ணத்துலேர்ந்து இம்மாந்தூரம் வந்து இந்தப் படக வாங்கறதுக்கு நீங்க ரெண்டு எரும மாடு வாங்கிக் கட்டலாம். பாலாவது குடுக்கும். காலு நனையுதா? நனையும். பலகைக்கு நடுவுல எங்கியோ கசியுது, எங்கன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். காலத் தூக்கி மேல வச்சிக்குங்க. பதினெட்டு வருசமா இதுல சுக்கான் புடிக்கிறேன். முதுநகர் தொறமொகத்துல யார வேணும்னாலும் கேளுங்க, சூசைமாணிக்கம் பொய் சொல்லமாட்டான்.

இதுக்குப் பேரு 'யாட்'டாம். வெள்ளக்காரன் வச்ச பேரு. அவன் ஊருக்குப் போவும்போது எங்க மொதலாளி பொன்னுரங்கம் தலையில கட்டிட்டுப் போயிட்டான். எங்க குப்பத்துல சும்மாப் படகுன்னுதான் சொல்லுவாங்க. மீன் புடிக்காது, சரக்கு ஏத்தாது, சும்மா போவும், சும்மா வரும். அதுவும் எப்போ? ஊருல இருக்கறவன்லாம் கட்டுமரத்தக் கரையேத்திட்டு வலைக்கு ஒட்டுப் போட்டுக்கினு கெடக்கற ஐப்பசி கார்த்திகையில. போன வருசம் தனுஷ்கோடியையே கடலு வாரிக்கினு போச்சி. ஆனா எங்க மொதலாளிக்கு முந்திரிக்கொட்ட வேலையெல்லாம் முடிஞ்சி அப்பத்தான் ஓய்வு. அண்ணாகிராமத்துலேர்ந்து காரப் போட்டுக்கினு வந்துடுவாரு. 'சூச, ரெண்டு நாளா மழ இல்லியே, பறங்கிப்பேட்ட வரைக்கும் போயிட்டு வந்துடலாமா'ம்பாரு. போறதுக்கென்னா, வாடக்காத்து முதுவப் புடிச்சித் தள்ளும். அந்தக் காத்த எதுத்துக்கினு திரும்பி வர்றது யாரு? நானு. அவுரு சிதம்பரத்துல டிபன் சாப்ட்டுட்டு ரயிலேறி வந்துடுவாரு.

என்னா... இப்ப நல்லாத்தான போவுதுன்றீங்களா? அதான் எனக்கும் எரிச்சலா இருக்குது. மத்த நாள்ல இந்த எடத்துல சண்டி மாடு மாதிரி தலையத் திருப்பிக்கும். இன்னிக்கின்னு பாத்து சாதுவாப் போவுது. நம்பாதீங்க. போன வாரம் மெட்ராசுலேர்ந்து ஒருத்தரு வாங்கறதுக்கு வந்தாரு, சித்திரப்பேட்ட தாண்டறதுக்குள்ள வேணாம்னுட்டாரு. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரு. அவுருக்கு வாந்தி. நான் வேணும்னே அலைக்குக் குறுக்க வுட்டேன்னு பேசிக்கறாங்க. அலை என்னா என்னக் கேட்டுக்கினா வருது?

அதோ, சாமியார்பேட்ட தென்னந்தோப்பு. ஏன் விக்கறாருன்னா... அத ஏன் கேக்கறீங்க. எல்லாம் அவுரு மாமியாரு தில்லையம்மாளால வந்தது. போன மாசம் குடும்பத்தோட வந்தாங்க. கயித்த அவுத்தாச்சி, பாய ஏத்தியாச்சி, படகு நவுந்துடுச்சி. அந்தம்மா வெத்தலைய மென்னுக்கினே 'ஆமா, எங்க போறோம்'னுச்சி. கெளம்பற நேரத்துல எங்கன்னு கேக்கலாமா, நீங்களே சொல்லுங்க. அதுவும் கடலுக்கு. எங்க பங்குச் சாமியாரு இதெல்லாம் ஒண்ணுமில்லம்பாரு. அவுரு கடலுக்குப் போறதில்ல. எனக்கு மனசு ஒப்பல, படகத் திருப்பிட்டேன். எல்லாரையும் கரையில எறக்கி, செத்த ஒக்கார வச்சி, ஆளுக்கு ஒரு வாயி தண்ணி குடுத்து, மறுபடி ஏத்தினேன். முறைப்படிதான செஞ்சேன்? அந்தம்மாவுக்கு மூட்டுவலி. எறங்க முக்கா மணி நேரம், ஏற ஒரு மணி நேரம்.

அப்பறம் என்னா... பறங்கிப்பேட்ட மொகத்துவாரத்துக்கு வர்றதுக்குள்ள தண்ணி வத்திப்போச்சி. வாயிலியே மணல் திட்டு. தண்ணி ஏறியிருக்கும்போது நொழஞ்சிடணும், தவறிட்டா வெளிய நங்கூரம் போட்டுக் காத்திருக்கணும். தெரியாதவனா நானு? ஆனா அந்தம்மா எப்போ எறங்கறது, எப்போ எறங்கறதுன்னு நச்சரிச்சிச்சி. வுட்டேன் உள்ள. அடியில தட்டிச்சி, ஒக்காந்துடுச்சி. குப்பத்து ஆளுங்க வந்து ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கிக்கினு போனாங்க. தில்லையம்மாளுக்கு மட்டும் மூணு பேரு. கரையில எறங்கன கையோட அந்தம்மா மருமவனப் பாத்து, 'ஒண்ணு இந்தப் படகு இருக்கணும், இல்ல என் பொண்ணு இருக்கணும்'னுட்டாங்க.

மொதலாளிகிட்ட நான் என்னா சொல்றது? சுக்கான் சரியில்லன்னு முணுமுணுத்துட்டு வந்துட்டேன்.

என்னாது... கடுதாசியா? எங்க மொதலாளி உங்களுக்கு எழுதனதா? எனக்குப் படிக்கத் தெரியாது மரைக்காயரே, நீங்களே படிங்க.

'மணல்ல ஏத்தனது என் தப்பு, அன்னிக்கு நாந்தான் ஆசப்பட்டு சுக்கான் புடிச்சேன்'னா எழுதியிருக்காரு? எங்க மொதலாளியா? அன்னிக்கு அவுரு சுக்கானத் தொடவே இல்லியே. இன்னொரு வாட்டி படிங்க அத.

'சூசைய வேலையில வச்சிக்கறதா இருந்தாத்தான் படகக் குடுப்பேன்'னு... அப்பிடியா எழுதியிருக்காரு. பதினெட்டு வருசமா அந்த மனுசன நான் திட்டாத நாளு இல்ல.

அப்போ நீங்க இத நாகப்பட்ணத்துக்குக் கொண்டுபோவப் போறதில்லியா? கடையத் தம்பிகிட்ட வுட்டுட்டு பறங்கிப்பேட்டயில மாமனாரு வூட்டோடவே இருக்கப் போறீங்களா? படகும் இங்கியேதானா? நான் என்னமோ நீங்க உங்க ஆளுங்கள வச்சி ஓட்டிக்கினு போயிடுவீங்க, நான் கரையில குந்திக்கினு கடலப் பாத்துக்கினு இருக்கணும்னு... அத மொதல்லியே சொல்லக்கூடாதா? சொல்ல வுட்டாத்தானன்றீங்க. நாயந்தான்.

என்னா, வேணாம்னு தோணுதா? கசியற படகு எதுக்குன்னா? இருங்க, இருங்க. காலடியில இருக்கறது கசிவு இல்ல மரைக்காயரே. காலையில நாந்தான் ரெண்டு வாளி மொண்டு ஊத்தினேன். இதோ எறைச்சிடறேன். அந்த டாக்டருக்கு அலைக்குக் குறுக்க வுட்டதும் நாந்தான். மெட்ராசுக்காரருகிட்ட பாய்மரம் செல்லரிச்சிருக்குன்னு சொன்னேன். எங்க செல்லு? தேக்கு அது. சுக்கான்லயும் ஒரு கொறையும் இல்ல. பொய் சொல்லமாட்டேன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய்தான்.

மொகத்துவாரம் வந்துடுச்சி. உள்ள போவலாங்கறீங்களா? வேணாம். வெள்ளையா நொர தள்ளுது பாருங்க, அதுக்கடியில மணலு. எவன் நச்சரிச்சாலும் இன்னிக்கி வுடமாட்டேன். நங்கூரத்தப் போட்டுடறேன். தண்ணி ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள நீங்க யோசிச்சிச் சொல்லுங்க. நான் பேசாம ஒக்காந்திருக்கேன். படகு நல்ல படகு மரைக்காயரே. சுக்கானிக்குத்தான் கொஞ்சம் வாய் ஜாஸ்தி.